முழு வரி கேட்ட டீச்சர்

அவருடைய பெயரை எழுதினால், “யாரைக் கேட்டு எழுதுனீங்க?” என்று ஒரு நாள் வந்து நிற்பார். கேட்டு எழுதலாம் என்றால், மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போனவர் போன் நம்பரை மாற்றிவிட்டார். ஆகவே இங்கே அவர் வெறும் டீச்சர். நானும் டீச்சர்தான், சயின்ஸ். அவர் வரலாறு. திருநகரில் ஒரே தெருவில் குடியிருந்தோம். திருமங்கலம் ரோட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். காலையில் ஒரே பஸ். இத்தனை ஒன்றாக இருந்தும் அவரோடு ஒத்துப்போவது எனக்குச் சுலபமாக இருந்ததே இல்லை.

ஆண்டு விழாவுக்குப் பெண் ஆசிரியர்கள் எல்லாரும் மயில்கழுத்துக் கலரில் சேலை கட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு வருடம் முடிவு செய்தார். சேலையும் மொத்தமாக வந்து இறங்கியது. நாங்கள் கை கழுவும் இடத்தில் நின்று திட்டித் தீர்த்துவிட்டு, ஆளுக்கொன்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனோம். டீச்சர் மட்டும் மஞ்சள் சுங்குடியில் வந்தார்.

“என்ன டீச்சர், கலர் பிடிக்கலையா?” என்றார் தலைமையாசிரியர்.

“கலர் நல்லாத்தான் சார் இருக்கு. என்னையக் கேட்டிருந்தா நானும் இதத்தான் சொல்லிருப்பேன்.”

“அப்புறம் என்ன?”

“கேக்கலையே சார்.”

அந்த வருடத்துக் குரூப் போட்டோவில் நீலத்துக்கு நடுவே பளிச்சென்று அவர் மட்டும் நிற்பார். எங்களுக்கெல்லாம் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கும். நாங்கள் திட்டிக்கொண்டே கட்டியதை அவர் திட்டாமலே கட்டாமல் விட்டாரே என்ற எரிச்சல்.

இன்னொரு நாள் விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மே மாத வெயில். மண்டை பிளந்தது. நான் கடைக்காரரிடம் “அண்ணே, ரெண்டு டீ” என்றேன்.

“எனக்கு யாரு டீ கேட்டா?” என்றார் டீச்சர்.

“வெயில்ல வந்திருக்கோம், குடிப்பீங்கன்னுதான்...”

“குடிப்பேன். ஆனா அத நான்ல சொல்லணும்.” கடைக்காரரிடம் திரும்பினார். “அண்ணே, எனக்கு ஒரு டீ.”

“அதான் போட்டுட்டேனே டீச்சர்!”

“அது இவுங்க டீ. எனக்குத் தனியா ஒண்ணு போடுங்க.”

இரண்டு கிளாஸ் டீயையும் நானே குடித்தேன். தலைவலி போயிற்று. எரிச்சல் போகவில்லை. இப்படிப்பட்டவரோடு ஒரு மனுஷன் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை அவரிடமே விளையாட்டாகக் கேட்டேன். “நான் எல்லாத்தையும் கேட்டுருவேன் டீச்சர், அம்புட்டுதான் ரகசியம்” என்று சிரித்தார். மகள் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது அந்த நல்ல மனுஷன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

எங்கள் வகுப்புகளுக்கு நடுவே அரைச்சுவர்தான் உண்டு. நான் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கமிருந்து டீச்சர் குரல் கேட்கும். அமெரிக்கப் போராட்டப் பாடம் வந்தால் அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பட்டிமன்றம் போட்டுவிடுவார். மதுரைப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் சொல்லியா கொடுக்க வேண்டும்? ‘அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை விட்டுப் பிரிந்தது நியாயமா, இல்லையா?’ இதுதான் தலைப்பு. நியாயம் என்று நினைக்கிறவன் பிரிட்டன் பக்கம் பேச வேண்டும். நியாயமில்லை என்று நினைக்கிறவள் அமெரிக்கா பக்கம் பேச வேண்டும். அது அவர் வைத்திருந்த சட்டம்.

பிரிட்டனுக்காக ஒரு பையன் ஒருமுறை பிய்த்து உதறினான். “நடுவர் அவர்களே! பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து இவுங்களக் காப்பாத்த பிரிட்டன் எம்புட்டுச் செலவு பண்ணுச்சு! செலவு பண்ணவன் வரி கேக்கக் கூடாதா? லண்டன்ல இருக்கவன் கட்டுனதவிட இவுங்க கட்டுன வரி கம்மி! டீயோட வெலையையும் குறைச்சுத்தான் குடுத்தான்! அதையும் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுனா, அது கொழுப்பா இல்லையா?”

கைதட்டல் என் வகுப்பிலிருந்தும் எழுந்தது. டீச்சர் தட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

“நல்லாப் பேசுனடா. டீயும் கசக்கல, வெலையும் கசக்கல. ஆனா அந்த வரியப் போட்ட சபையில அவுங்க ஆளு ஒருத்தர்கூட இல்ல. கேக்காமக் கூட்டுறது மட்டும் அதிகாரம் இல்லடா, கேக்காமக் குறைக்கிறதும் அதிகாரந்தான். இன்னைக்குத் தன்னிஷ்டத்துக்குக் குறைக்கிறவன் நாளைக்குத் தன்னிஷ்டத்துக்கு ஏத்துவான். அதனால அவுங்க பிரிஞ்சது நியாயம். ஆனா அதுல பாதிதான் நியாயம். அவுங்க தோட்டத்துல வேலை பாத்த அடிமைகளக் கேட்டாங்களா? அந்த மண்ணுல மொதல்ல இருந்தவுங்களக் கேட்டாங்களா? வீட்டுல இருந்த பொம்பளைகளக் கேட்டாங்களா? எங்களக் கேளுன்னு சத்தம் போட்டவுங்க, மத்தவுங்களக் கேக்காமலே விட்டுட்டாங்க.”

நல்ல தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு நான் அமிலத்துக்குத் திரும்பினேன். கடல் தாண்டி எங்கோ எப்போதோ நடந்ததற்கு இவ்வளவு ஆவேசம் எதற்கு என்றும் நினைத்தேன். அந்த ஆவேசம் எங்கிருந்து வந்தது என்று அவர் வீட்டுக்காரர் ஊர் விவகாரம் தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

செக்கானூரணிக்கு மேற்கே இருக்கிறது அந்த ஊர். விவசாயக் குடும்பங்கள். அங்கே கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி கட்டுகிறவருக்கு ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நடக்கிற ஊர்க்கூட்டத்தில் உட்காரவும் பேசவும் உரிமை உண்டு. அந்த ஆண் செத்துப்போனால் அவர் மனைவி அரைத் தலைக்கட்டு ஆகிவிடுவார். அரை வரி கட்டினால் போதும், ஆனால் கூட்டத்தில் இடம் கிடையாது. புருஷனை இழந்தவளுக்கு ஊர் காட்டுகிற இரக்கம் அது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

டீச்சருக்கு அந்த இரக்கம் வேண்டியிருக்கவில்லை. வருடா வருடம் அரை வரி கேட்டு ஆள் வரும். “முழு வரி தாரேன், கூட்டத்துல எடம் குடுங்க” என்று திருப்பி அனுப்புவார். ஊரும் படித்த பொம்பளையின் திமிர் என்று பொறுத்துப் பார்த்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் ஊர் பொறுப்பதை நிறுத்திவிட்டது.

டீச்சர் வீட்டுக்காரரின் அண்ணன் ஒருவர் இருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் பெரியப்பா ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்க் கட்டோடு திருநகருக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்கக் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

“ஏத்தா, புள்ளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு ஊரோட மல்லுக்கட்டலாமா? அரை வரிதான? நானே கட்டிர்றேன், நீ சும்மா இரு.”

“அரை வரி எனக்கு வேணாம் மாமா. முழுசாத் தாரேன்.”

“பொம்பள மந்தையில வந்து ஒக்காந்த பழக்கம் உண்டா? ஒனக்கும் சேத்துத்தானத்தா நான் அங்க பேசுறேன்.”

“போன வருசம் என் கெணத்துக்குப் போற பாதைய கோயில் மண்டபத்துக்கு எடுத்தீகளே, அன்னைக்கு எனக்கும் சேத்துப் பேசுனீகளா?”

பெரியப்பா முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தார். “ஊருக்கு நல்லதுன்னு விட்டுட்டேன். சரி, ஒண்ணு கேக்குறேன். ஒன் புருசன் செத்தன்னைக்கு யாரு தூக்குனா? ஊருதான தூக்குச்சு? அன்னைக்கு மட்டும் ஊரு வேணும், இன்னைக்கு வரி கசக்குதோ?”

“வரி கசக்குதுன்னு நான் சொல்லவே இல்லையே மாமா. கூடத் தாரேன்னுல சொல்றேன்!”

பெரியப்பா பிரிட்டன் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குள் சிரிப்பு வந்தது. அவரும் அதைத் தெரிந்தே வைத்திருந்தார்.

“பாப்பா எல்லாம் சொல்லிருக்கு. அமெரிக்காக்காரன் பாடத்த இங்கயும் நடத்துற. அவனுக்கும் பிரிட்டிஷ்காரனுக்கும் நடுவுல ஒரு கடலே கெடந்துச்சு, பிரிஞ்சுட்டான். ஒனக்கும் ஊருக்கும் நடுவுல என்னத்தா கெடக்கு? ரெண்டு பஸ் மாறுனா ஊரு. பிரிஞ்சு எங்க போவ?”

நான் பார்க்க அவர் பதிலுக்குத் தடுமாறியது அன்றுதான்.

“நான் பிரியலையே மாமா,” என்றார் கடைசியில். “ஒக்காரணும்னுதான் கேக்குறேன்.”

அடுத்த வாரம் கூட்டம் கூடி முடிவு சொன்னது. வரி கட்டாத வீட்டில் ஊர்க்காரர் யாரும் கை நனைக்கக் கூடாது, அதாவது சாப்பிடக் கூடாது. கல்யாணத்துக்கும் போகக் கூடாது. மீறினால் அபராதம், மீறியவரும் ஊரோடு சேர்த்தி இல்லை. பெரியப்பாவுக்கும் அதே கட்டு. அப்பா இல்லாத பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். புருஷன் இல்லாத அம்மா தாரை வார்க்கும் செம்பைத் தொடக் கூடாது என்பது வழக்கம். ஊர் தன் பிடியை எங்கே இறுக்க வேண்டுமோ அங்கே இறுக்கிவிட்டது.

பாப்பா என் வீட்டுக்கு வந்து அழுதாள். “எங்கம்மாவுக்கு ஜெயிக்கணும் ஆன்ட்டி. எனக்கு எங்க பெரியப்பா மேடையில நிக்கணும். அம்புட்டுதான்.”

எனக்கு நெஞ்சு கொதித்தது. அன்றைக்கே போய்க் கேட்டுவிட்டேன். “டீச்சர், எல்லாரையும் யாரைக் கேட்டு, யாரைக் கேட்டுன்னு கேக்குறீங்களே. இந்தச் சண்டைக்கு உங்க மகளைக் கேட்டீங்களா?”

தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார். தோசை தீய்ந்தது. அடுப்பை அணைத்தார். மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

“கேக்காம விட்டுட்டேன் பாப்பா. இப்பக் கேக்குறேன். நீ சொல்லு, என்ன செய்யட்டும்?”

“கட்டிரும்மா.”

“சரி.”

முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை. பிடிவாதக்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. கேட்ட கேள்விக்கு வந்த பதிலுக்குக் கட்டுப்படுகிறவராகத்தான் அவர் இருந்தார்.

கூட்ட நாளன்று அவரும் பாப்பாவும் கிளம்பினார்கள். துணைக்கு நானும் போனேன். மந்தையில் ஆண்கள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றார்கள். டீச்சர் அரை வரியை எடுத்து நீட்டப் போனபோது பெரியப்பா எழுந்து கையமர்த்தினார். அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“இருத்தா. ஒனக்காகக் கூட்டத்துல மூணு நாளாப் பேசிருக்கேன். நீ படிச்சவ, அரசாங்கச் சம்பளம் வாங்குறவ. முழு வரியே குடு. இந்த ஊருலயே மொத மொதலா ஒரு பொம்பளைக்கு மந்தையில எடம். ஒனக்கு மட்டும் விலக்கு. வந்து ஒக்காரு.”

ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். பாப்பா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அமுக்கினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்தாயிற்று, கல்யாணமும் பிழைத்தது, இனி என்ன வேண்டும்?

டீச்சர் செருப்பைக் கழற்றினார். ஒரு கால் ஜமுக்காளத்தின் மேல். அப்போது தொட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா, வயற்காட்டு வேலையிலிருந்து நேராக வந்தவர், குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“அப்ப எங்களுக்கு அதே அரைதானா தாயி?”

அவர் பக்கத்தில் இன்னும் சில பேர் நின்றார்கள். எல்லாரும் புருஷனை இழந்தவர்கள். யாரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுதான்.

“அவளுக படிக்காதவளுக. அதுகளுக்கு எதுக்குக் கூட்டம்?” என்றார் ஒருவர்.

டீச்சர் அந்தக் காலை எடுக்கவுமில்லை, மற்றதை வைக்கவுமில்லை. பெரியப்பாவிடம் கேட்டார். “இவுகளக் கேட்டீகளா மாமா?”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காதத்தா. மொதல்ல நீ ஒக்காரு, மத்தத மெல்லப் பாப்போம்.”

அது தப்பான பேச்சு இல்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்குப் பேசலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் இவர்களுக்கும் சேர்த்து இனி டீச்சர் பேசுவார் என்றால், டீச்சருக்கும் சேர்த்துப் பெரியப்பா பேசியது மட்டும் எப்படித் தப்பாகும்? அந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திரும்பி மகளைப் பார்த்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அன்று அடுப்படியில் கேட்ட அதே குரலில் கேட்டார்.

“நீ சொல்லு பாப்பா. ஒக்காரட்டுமா?”

பாப்பா என் கையை விட்டாள். தொட்டிப் பக்கம் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பரிதாபம். கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது?

“வேணாம்மா,” என்றாள். “செருப்பப் போடு. போவோம்.”

பெரியப்பா பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை வந்தார். “குடுத்ததையும் வேணாம்னுட்டுப் போறீகளே, இது கொழுப்பா இல்லையா?” என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. டீச்சர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். பாப்பா அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில், கோயிலுக்கு அருகே ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிறைய வந்திருந்தார்கள், எங்கள் பள்ளிக்கூடத்தார் வந்திருந்தோம். ஊர் வரவில்லை. ஊருக்கென்று விட்டிருந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முகூர்த்தம் நெருங்கியபோது தொட்டிப் பக்கம் நின்ற அந்த அம்மாவும் கூட இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி வாசல் ஓரமாகவே ஒதுங்கி நின்றார்கள். டீச்சர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

“அபராதம் போட்டா என்னக்கா செய்வீக?” என்று நான் கேட்டேன்.

“அதுலயாச்சும் முழுசாப் போடுவாங்களான்னு பாக்குறேன்,” என்றார் அந்த அம்மா.

புரோகிதர் செம்பை எடுத்து வைத்தார். “பெண்ணைத் தாரை வார்க்கிறவா வாங்கோ” என்றார். மேடையில் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பா இருமினார். யாரோ தாய்மாமன் முறையில் ஒருத்தரைத் தேடலாமா என்றார்கள். தட்டெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே நின்றார். தானாக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் பாயும் மனுஷி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மசமசன்னு நிக்காத, வா,” என்றாள் பாப்பா. “நீதான் குடுக்கணும்.”

மாப்பிள்ளைப் பையன் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அவர் இருமலை நிறுத்திக்கொண்டார். வெறும் நெற்றியோடு டீச்சர் மேடையேறி, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துச் செம்புத் தண்ணீரை வார்த்தார். முன்வரிசையில் அந்த மூன்று பேரும் குலவையிட்டார்கள். சுபகாரியத்தில் எத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்த குலவையோ, மண்டபமே அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது வெற்றிலை வாங்க வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. ரோட்டைக் கடந்து போனேன்.

“சாமி கும்பிட வந்தேன் டீச்சர்,” என்றார் நான் கேட்காமலே. பிறகு, “தாலி கட்டியாச்சா?”

“ஆச்சுங்க.”

“யாரு தாரை வாத்தது?”

“அவங்க அம்மாதான்.”

மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். “கை நடுங்குச்சா?”

“இல்லங்க.”

“அவளுக்கா நடுங்கும்!” என்றார். செக்கானூரணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவினார். பெரியப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். படிக்கட்டில் கை வைத்தவர் அப்படியே திரும்பினார்.

“பந்தி முடிஞ்சிருச்சா டீச்சர்?”

“இன்னும் ஒரு பந்தி இருக்குங்க.”

பஸ்ஸை விட்டுவிட்டு, வருகிற ஆட்டோவைக்கூடப் பார்க்காமல் ரோட்டின் குறுக்கே நடந்தார்.